கதிர்க் குப்பைக்குக் காவல்காரி

ஊரில் எல்லோருக்கும் குப்பையை அள்ளிக்கொண்டு போகத்தான் சம்பளம் தருகிறார்கள், எனக்கு மட்டும் அதை எங்கேயும் போகவிடாமல் வைத்திருப்பதற்குச் சம்பளம். மக்கும் குப்பை இது, மக்காத குப்பை அது என்று வீட்டில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன அத்தனை பேருக்கும் வணக்கம். நீங்களெல்லாம் என் சொந்தக்காரர்கள். உங்களிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

என் பெயர் பர்வீன். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. கடைவீதியில் அத்தாவுக்கு இரும்புக்கடை. ஃபிசிக்ஸ் படித்த மகள் ஆஸ்பத்திரியில் பெரிய வேலையில் இருக்கிறாள் என்று ஆணி வாங்க வருகிறவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாள் நேரில் வந்து என் கிடங்கை எட்டிப் பார்த்தார். மூட்டை மூட்டையாகப் பழைய பெட்ஷீட், தட்டு, தம்ளர், தலையணை உறை. அதற்குப் பிறகு என் உத்தியோகத்தைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை.

விஷயம் இதுதான். தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்ததும், மிச்சம் மீதி இருப்பதை அழிக்கக் கதிரியக்க ஐயோடின் மாத்திரை ஒன்று கொடுப்பார்கள். அதை விழுங்கியவரின் உடம்பிலிருந்தே கொஞ்ச நாளைக்குக் கதிர் வரும். எச்சில், வியர்வை, சிறுநீர் எல்லாவற்றிலும் அது கலந்திருக்கும். அதனால் அவருக்குத் தனியறை, தனிக் கழிப்பறை, அந்தக் கழிப்பறைக்குத் தனித் தொட்டி. அவர் தொட்டது, துடைத்தது, தின்று மீந்தது எல்லாம் என் கிடங்குக்கு வரும். வீரியம் தானாகக் குறைகிற வரைக்கும் பூட்டி வைத்து, மீட்டரால் அளந்து பார்த்து, அது சரி என்றால்தான் வெளியே அனுப்புவேன்.

எங்கள் தனியறைக்கு முதன்முதலாக வந்தவள் தமிழரசி. கச்சிராயபாளையம். புருஷன் குமார் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறான். அவர்களுக்கு ஒன்றரை வயதில் யாழினி என்று ஒரு பெண் குழந்தை. மாத்திரைக்கு ரொம்ப முன்னாடியே பால் மறக்கடிக்கச் சொல்லிவிட்டோம். ஐயோடின் எங்கே போனாலும் தைராய்டைத்தான் தேடிப் போகும், பச்சைக் குழந்தையின் கழுத்து என்றால் அதற்குக் கொண்டாட்டம். தாய்க்கு மருந்தாக இருப்பது பிள்ளைக்கு நோயாகிவிடக்கூடாது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அந்தக் குழந்தைக்கு ஒரு துளி போகக்கூடாது, அது உன் பொறுப்பு என்றார். சரி சார் என்று தலையாட்டினேன். நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

சாப்பாட்டு ஜன்னல்

மாத்திரை கொடுத்த அன்று மத்தியானமே கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. உடம்பு முடியாதவர்களை ஒண்டியாகப் போய்ப் பார்ப்பது நம் பக்கம் மரியாதை இல்லையே. மாமன், மச்சான், பங்காளி, பக்கத்து நிலத்துக்காரர் என்று வேன் கொள்ளாத கூட்டம். கை கையாகச் சாத்துக்குடி. யாரும் உள்ளே போகக்கூடாது என்றேன். சரிங்க என்று சொல்லிவிட்டு வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். சொன்ன பேச்சைக் கேட்கிற கூட்டத்தை ஆஸ்பத்திரியில் பார்ப்பது அபூர்வம். அசந்துபோய் டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனியறைக் கதவில் சாப்பாடு வைப்பதற்கென்று ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு தமிழரசியின் மாமியார் நிற்கிறார். அவர் கையில் யாழினி! புடவைத் தலைப்புக்குள் மறைத்து மாடிவரைக்கும் தூக்கிவந்திருக்கிறார். உள்ளே கட்டில்மேல் தமிழரசி சுவரோடு ஒட்டிக்கொண்டு, தள்ளிப் போங்க அத்தை, தள்ளிப் போங்க என்று அழுகிறாள். அவளுக்குத் தெரிந்தது வெளியே இருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஓடிப்போய் ஜன்னலை அறைந்து சாத்தினேன். நான் போட்ட சத்தம் கீழே மருந்துக்கடை வரைக்கும் கேட்டதாம்.

குழந்தையின் மேல் மீட்டரை வைத்துப் பார்த்தேன். நல்லவேளை, ஒன்றும் ஒட்டவில்லை. நின்றதும் கொஞ்ச நேரம்தான். பிறகு மாமியாரை உட்கார வைத்து, இது சளி காய்ச்சல் மாதிரி தொட்டால் மட்டும் வருவதில்லை, விளக்கு வெளிச்சம் மாதிரி தூரத்திலிருந்தும் மேலே விழும் என்று பொறுமையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நாங்க எங்க தொட்டோம்? காட்டத்தானேம்மா செஞ்சோம். பெத்தவள பாத்தா கூடவா புள்ளைக்கு ஒட்டிக்கும்?"

அன்னத்துக்குச் செய்த மரியாதை

மறுநாள் காலையில் தனியறையிலிருந்து வந்த பையைத் தூக்கினால் காற்றாக இருந்தது. தட்டு இருக்கிறது, தம்ளர் இருக்கிறது, சோறு இல்லை. குமட்டலில் அவள் பாதிகூடச் சாப்பிடவில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாளே, மீதி எங்கே? துப்புரவு பார்க்கிற முனியம்மாவைக் கேட்டேன். அன்னத்தைக் கவரில் கட்டி ரூமில் பூட்டி நாறவிடுவது பாவம் என்று, கழனித்தண்ணி டிரம்மில் கொட்டிவிட்டாராம். எனக்கும் சேர்த்துப் புண்ணியம் தேடிக்கொடுத்த முகத்தோடு சொன்னார்.

சமையல்கட்டில் மீந்ததையெல்லாம் அந்த டிரம்மில் சேர்த்து, ஏழுமலை என்பவர் தினமும் காலையில் மொபட்டில் கட்டிக்கொண்டு போவார். வீட்டில் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். மாடு தின்றால் பாலில் வரும், பாலைக் குடித்தால் குழந்தைகளின் கழுத்துக்குப் போகும். ஒரு குழந்தையைக் காப்பாற்ற நான் இங்கே கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறேன், அங்கே ஒரு தெருக் குழந்தைகளுக்கே பின்பக்கமாக வழி திறந்துவிட்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு எங்கள் கேன்டீன் டீக்கும் அவர் வீட்டுப் பால்தான். மீட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியில் பறந்தேன்.

ஏழுமலை அப்போதுதான் டிரம்மைத் தொட்டிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்திருந்தார். மாடு இரண்டும் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றன. மீட்டரை டிரம் பக்கத்தில் கொண்டுபோனதும் கடகடவென்று கத்தத் தொடங்கியது. மாட்டு வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன், கப்சிப். ஆஸ்பத்திரி வண்டியை வரவழைத்து டிரம்மோடு ஏற்றினேன். இது மாட்டுக்கு ஆகவே ஆகாது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாட்டுக்கே ஆவாதுன்னு சொல்ற சோத்த, ஏம்மா அந்தப் பொண்ணுக்குப் போட்டீங்க?"

வலைக்கு ஈயம்

ஐயோடின் மாத்திரை கனமான ஈயக் குடுவைக்குள்தான் வரும். மாத்திரையைக் கொடுத்த பிறகு காலிக் குடுவையை அளந்து, துடைத்து, அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்பவேண்டும். எடுக்கப் போனால் குடுவை இருக்கிறது, மூடியைக் காணவில்லை. ஈயம் விலைபோகிற சாமான் என்பது இரும்புக்கடைக்காரர் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் திருடன் வெளியே இல்லை. எங்கள் பிளம்பர் தண்டபாணிதான். நல்ல மனுஷன், ஒளிக்கவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோமுகி அணைப் பக்கம் மீன் பிடிக்கப் போவாராம், வீச்சுவலைக்கு ஈயக்குண்டு குறைகிறதாம், சும்மா கிடந்ததே என்று எடுத்தாராம்.

மூடி அவர் வீட்டு அடுப்படியில் இருந்தது. சாயங்காலம் உருக்குவதாக இருந்தாராம், சோறு பொங்குகிற அதே அடுப்பில்! நான் போன நேரத்தில் பக்கத்தில் வார்ப்பு அச்சுகூடத் தயார். மீட்டர் கொஞ்சம்தான் முனகியது, ஆனாலும் மூடியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். விஷம் இருந்த பாத்திரத்தை யாராவது அடுப்படிக்குக் கொண்டுவருவார்களா என்று கத்தினேன். தண்டபாணி கோபித்துக்கொள்ளவே இல்லை. என் பயத்தைப் போக்க வேண்டும் என்கிற நல்லெண்ணத்தில் அலமாரியைக் காட்டிச் சொன்னார்: "இதுக்கா மேடம் இவ்ளோ பயப்படுறீங்க? அங்க பாருங்க, பூச்சிமருந்து டப்பாவ நல்லா கழுவிட்டு அதுலதான் நாங்க உப்பே போட்டு வெச்சிருக்கோம்."

போனை எடுத்த ஆள்

தனியறைக்குள் போனது எதுவும் என்னைக் கேட்காமல் வெளியே வரக்கூடாது. செல்போனும்தான். தமிழரசியின் போனை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் நானே சுற்றிக் கொடுத்திருந்தேன். அன்றைக்கு அவளிடம் ஏதோ கேட்க அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். எடுத்தார்கள். ஹலோ என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அப்புறம் "தாத்தா... த்தா..." என்று ஒரு மழலை. போனின் மேல் எச்சில் உறிஞ்சுகிற சத்தம்கூடக் கேட்டது.

வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது கிடையாது. நடந்தது என்னவென்றால், சார்ஜர் வேலை செய்யவில்லை என்று தமிழரசி சொல்ல, குமார் சாப்பாட்டு ஜன்னல் வழியாகப் போனை வாங்கி, வூட்ல போட்டுக்கினு வரேன் என்று கச்சிராயபாளையத்துக்கே கொண்டுபோய்விட்டான். நாள் முழுக்க அவள் வியர்வைக் கையோடு பிடித்துக்கொண்டிருந்த போன். அவன் டாக்டரிடம் தலையைத் தலையை ஆட்டியதெல்லாம் எங்கே போனதோ! வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். கரும்பு லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டு போக, நான் அடித்த ஹாரனில் லாரிக்காரரே மிரண்டு ஒதுங்கினார்.

வீட்டு வாசலில் மாமியார் யாழினியை மடியில் வைத்து, போனில் பாட்டு போட்டுக் காட்டி, ரசஞ்சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். போனைப் பிடுங்கியதும் குழந்தை ஊரைக் கூட்டியது. பிளாஸ்டிக் தாளில் மீட்டர் கத்தியது. குழந்தையின் உள்ளங்கையில் லேசாக முனகியது. சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினேன், அடங்கியது. வாயில் இல்லை. கழுத்தில் வைத்தேன். அங்கேயும் இல்லை. சப்பியது போனின் கீழ்ப்பக்கத்தை, அவள் விரல் படாத இடம். போனைப் பைக்குள் போட்டுக் கட்டினேன். பிறகு டாக்டரிடம் சொன்னேன், அவர் குழந்தையை வரவழைத்து அவர் பங்குக்கும் பார்த்தார். ஆனால் அன்றைக்கு அந்த வாசலில், பிள்ளைக்குப் போனே கொடுக்காதீர்கள் என்று நான் கோபத்தோடு சொன்னதற்கு, மாமியார் சோற்றுக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டிச் சொன்னார்: "போன் இல்லாம அது ஒரு வாய் வாங்காதும்மா, இந்தா, நீயே ஊட்டிப் பாரு."

கரும்புக்கு நல்லா ஏறுமாம்

தனியறைக் கழிப்பறைக்குத் தனித் தொட்டி என்றேனே, அது கட்டிடத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி ஆஸ்பத்திரியின் சாதாரண செப்டிக் டேங்க். அது நிரம்பிவிட்டது என்று ஆபீசில் யாரோ கழிவுநீர் லாரிக்குப் போன் போட்டிருக்கிறார்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்த்தால், லாரிக்காரர் என் தொட்டியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பிக் குழாயை இறக்கிக்கொண்டிருக்கிறார். செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன். மோட்டார் பட்டனில் கை வைத்துவிட்டார், நான் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளினேன். அன்னிய ஆண்பிள்ளை கையைப் பிடித்த சங்கதி அத்தாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

மூடிமேல் மூன்று இதழ் வைத்த கதிர்வீச்சு முத்திரையை அவ்வளவு பெரிதாக ஒட்டியிருக்கிறதே, கண் தெரியவில்லையா என்று கேட்டேன். ஃபேன் படம் போட்டிருக்கிறது, உள்ளே மோட்டார் இருக்கும்போல என்று நினைத்தாராம். சரி, இதை எடுத்துக்கொண்டு போய் எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டேன். கண்ட இடத்தில் கொட்டுகிறவன் என்று சந்தேகப்படுகிறேன் என நினைத்து, மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "நாங்க அப்டி இப்டி எங்கியும் ஊத்த மாட்டோம்மா, எல்லாம் கரும்புக்குத்தான். நல்லா ஏறுதுன்னு கச்சிராயபாளையத்துல முன்கூட்டியே சொல்லிவெச்சி வாங்கிக்கினு இருக்காங்க."

கழுத்துக் கயிறு

வீட்டுக்கு அனுப்புகிற நாள். தமிழரசி குளித்து, நாங்கள் கொடுத்த புது உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தேன். அனுப்பலாம் என்கிற அளவுக்கு இறங்கியிருந்தது. சந்தோஷத்தில் கிட்டே போய் ஒருமுறை மீட்டரை உடம்போடு ஓட்டிப் பார்த்தேன். கழுத்தில் சத்தம் வரும், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கழுத்தை விட்டு நெஞ்சுக்கு இறங்கினால் சத்தம் இன்னும் கூடுகிறது. ஜாக்கெட்டுக்குள் என்ன என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். மஞ்சள் கயிறு. நல்ல மொத்தமான, மஞ்சள் பூசின தாலிக்கயிறு. உள்ளே இருந்த நாளெல்லாம் அவள் வியர்வை பூராவையும் குடித்து ஊறிக் கிடக்கிறது. கம்மல், மூக்குத்தி, வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றி வாங்கிய நர்ஸுக்கு, இதைக் கழற்று என்று சொல்ல வாய் வரவில்லையாம்.

தாலிப் பொன்னைக் கழுவிவிடலாம், நூலை என்ன செய்வது? இந்தக் கயிறு இந்தக் கட்டிடத்தை விட்டு வெளியே போகாது என்று சொன்னேன். புருஷன் கல்லு மாதிரி எதிரில் நிற்கும்போது கழற்றமாட்டேன் என்று தமிழரசி அழுதாள். மாமியார் என்னை அடிக்காத குறை. பேச்சோடு பேச்சாக அவர் ஒன்று சொன்னார் பாருங்கள். பால் மறந்ததிலிருந்து யாழினி அம்மா மேலே ஏறிப் படுத்து, அந்தக் கயிற்றைச் சப்பிக்கொண்டுதான் தூங்குமாம். அது இல்லாமல் தூங்கவே தூங்காதாம். வீடும் ஒரே அறைதானாம், குழந்தையைத் தள்ளிப் போடுவது நடக்காத காரியமாம். நான் அளந்தது, பூட்டியது, ஓடியது, கத்தியது எல்லாவற்றையும் தாண்டி, நேராகக் குழந்தை வாய்க்கே போகிற வழி ஒன்று அவள் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

என் கழுத்திலும் நிக்காஹில் கட்டின கருகமணி இருக்கிறது. கழற்று என்று யாராவது சொன்னால் எனக்கும் ஆத்திரம் வரும்தான். அதனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆடிப்பெருக்கில் கயிறு மாற்றுகிறீர்களே, எப்படி மாற்றுவீர்கள் என்று மாமியாரிடமே கேட்டேன். கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக்கூடாது, புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழசை எடுப்போம் என்றார். சரி, அப்படியே செய்வோம் என்றேன். முனியம்மா எதிர்க்கடைக்கு ஓடிப்போய்ப் புதுக் கயிறும் மஞ்சள் கிழங்கும் வாங்கிவந்தார். குமாருக்கு ரப்பர் கையுறை மாட்டிவிட்டேன். கையுறை வழுக்கி முடிச்சு விழாமல் அவன் திணற, நர்ஸுகள் வாசலில் நின்று வேடிக்கை பார்க்க, மீட்டர் டிக் டிக்கென்று அடிக்க, இரண்டாம் முறையாக அவளுக்குத் தாலி கட்டினான். பழைய கயிற்றை நான் இடுக்கியால் வாங்கி, தாலிப் பொன்னை மட்டும் கழுவிக் கொடுத்தேன்.

அதோடு முடிந்ததா? பழைய கயிற்றைக் குப்பையில் சேர்க்கக்கூடாது, ஓடுகிற ஆற்றில்தான் விடவேண்டும் என்று மாமியார் பிடித்துக்கொண்டார். கோமுகித் தண்ணீரிலா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியில் குப்பையோடு வைக்கமாட்டேன், தனி டப்பாவில் தனித் தட்டில் வைக்கிறேன், வீரியம் போனதும் நீங்களே வாங்கிப்போய் ஆற்றில் விடுங்கள் என்றதும்தான் இறங்கி வந்தார். தமிழரசி கொஞ்ச நாள் குழந்தை இல்லாத வீட்டில் இருக்கட்டும், திருநாவலூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போகட்டும் என்று நான்தான் சொன்னேன். டாக்டரும் அதுதான் நல்லது என்றார். யாழினி மாமியாரிடம் இருப்பாள் என்று முடிவானது. கிளம்பும்போது மாமியார் என் டப்பாவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க வூட்டு மானத்த உங்கிட்ட குடுத்துட்டுப் போறேன், எலி கடிக்காம பாத்துக்கோ."

ஒன்றுமில்லை

சில வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார்கள். தமிழரசி தன் அம்மாவோடு திருநாவலூரிலிருந்து, குமாரும் மாமியாரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கச்சிராயபாளையத்திலிருந்து. டப்பாவைத் திறந்து அளந்தேன், சத்தமில்லை. மாமியார் கயிற்றை வெற்றிலையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். தமிழரசியை அளந்தேன், பயமில்லை. கடைசியாக யாழினியின் கழுத்தில் வைத்தேன். காலி அறையில் மீட்டர் என்ன காட்டுமோ அதைத்தான் காட்டியது. ஜெயித்துவிட்டோம் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒன்றுமில்லை, இனிமேல் தாராளமாகத் தூக்கலாம், கொஞ்சலாம், பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கலாம் என்று கல்யாண வீட்டுக்காரி மாதிரி எல்லோரிடமும் சொன்னேன்.

தமிழரசி இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை அவளைப் பார்த்தது. யாரோ என்பதுபோலப் பார்த்தது. பிறகு "ம்மா" என்று மாமியார் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டது. மாமியாருக்கே சங்கடமாகப் போய்விட்டது. போடி கண்ணு, அம்மாடி, உங்கம்மாடி என்று பிரித்துக் கொடுக்கப் பார்த்தார். குழந்தை வீறிட்டு அலறியது. திருநாவலூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டால் தாயும் அழுது, பிள்ளையும் அழுது, சோறு இறங்காமல் போகிறது என்று அதையும் பாதியிலேயே நிறுத்திவிட்டார்களாம். எனக்கு அது தெரியாது. கையிலிருந்த மீட்டரை மேஜைமேல் வைத்தேன். கழிவு குழந்தைக்குப் போகாமல் இருக்க எத்தனையோ யோசித்தேன், இந்த ஒன்றை யோசிக்கவில்லை.

தமிழரசி நீட்டின கையை மடக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், பரிசோதனை ரிப்போர்ட் எப்போது வரும் என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள்: "நீங்க தள்ளி வெக்கச் சொன்னீங்க மேடம், வெச்சிட்டோம். இப்போ நீங்களே அதுங்கிட்ட சொல்லுங்க, நான்தான் அம்மான்னு."

வீரியம் குறைகிற வரைக்கும் பூட்டி வைக்கச் சொல்லிக்கொடுத்த படிப்பில், குறையக்கூடாதது ஒன்று அதோடு சேர்ந்து குறைந்துவிட்டால் எதை வைத்து அளப்பது என்கிற பாடம் மட்டும் இல்லை.